ஸர்து: துளையும் ஆணியும் அளவும்

இரண்டு பொருள்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கு மனிதன் பண்டுதொட்டுப் பல வழிகளைக் கையாண்டு வந்திருக்கின்றான். கயிற்றால் கட்டுதல், நூலால் தைத்தல், பசையால் ஒட்டுதல், ஆணியால் அறைதல், நெருப்பில் காய்ச்சி அடித்து ஒன்றாக்குதல் என்பன அவற்றுட் சில. இவ்வரிசையில் தனியிடம் பெற்றது தறையாணி. பட்டறைகளில் இதனை ரிவிட் என்பர். மரத்தில் அறையும் ஆணி, மரம் தன்னை நெருக்கிப் பிடித்திருக்கும் வரையில்தான் நிற்கும். தறையாணியோ இரு தகடுகளிலும் இட்ட துளைகளின் ஊடே புகுந்து மறுபுறம் வெளிவருகின்றது. வெளிவந்த நுனியை அடித்துப் பரப்பி இரண்டாவது தலையாக்கி விடுகின்றனர். அதன்பின் அதனைக் கழற்ற இயலாது; வெட்டித்தான் எடுக்க வேண்டும். திருகிக் கழற்றக்கூடிய மரையாணிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வெண்கலக் காலத்துக் குறுவாள்களில் அலகையும் பிடியையும் இணைத்தவை இத்தகைய ஆணிகளே. தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் பலர் அங்கிருந்து ஒரே தாவலில் 19 ஆம் நூற்றாண்டின் நீராவிக் கொதிகலன்களுக்கும் இரும்புப் பாலங்களுக்கும் வந்துவிடுகின்றனர். இடைப்பட்ட நெடுங்காலத்தில் தறையாணி இரண்டு இடங்களில் மனித உயிரைக் காத்து நின்றது. ஒன்று போர்வீரனின் கவசம். மற்றொன்று கடலோடியின் மரக்கலம். அரபு மொழி பயில்வோர்க்கு இவ்விரண்டையும் அறிந்துகொள்ளத் திருக்குர்ஆனின் இரு சொற்கள் வாயிலாக அமைகின்றன. ஸூரா ஸபாவில் வரும் ‘ஸர்து’ ஒன்று (34:11). ஸூரா கமரில் வரும் ‘துஸுர்’ மற்றொன்று (54:13). அச்சொற்களின் துணையுடன் தறையாணியின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

ஸர்து என்னும் சொல்

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், உடலை நிறைவாக மூடும் கவசங்களைச் செய்யுமாறு பணித்ததையும் ஸபா அத்தியாயம் கூறுகின்றது. அப்பணியோடு சேர்த்து ‘ஸர்து’ என்னும் செயலில் அளவு பேணுமாறும் கட்டளை வருகின்றது. அளவு பேணுதலைக் குறிக்கும் சொல் ‘தக்தீர்’ என்னும் வேரினின்று பிறந்தது.

ஸர்து என்பதற்கு அகராதிகள் தரும் அடிப்படைப் பொருள், துளையிட்டுத் தொடராகக் கோத்தல் என்பதாம். தோலைத் துளைத்துத் தைப்பதும் ஸர்து. அதற்குப் பயன்படும் ஊசிக்கு ‘மிஸ்ரத்’ என்று பெயர். கவசத்தின் வளையங்களைக் கோத்து ஆணியிடுவதும் ஸர்து. அதனைச் செய்பவர் ‘ஸர்ராத்’. ஸீன் எழுத்து ஜாயாகத் திரிந்து ‘ஜரத்’, ‘ஜர்ராத்’ எனவும் வழங்கும். இடைவிடாது நோன்பு நோற்பதையும், நிறுத்தாமல் அடுக்கிப் பேசுவதையும் இதே சொல்லால் குறிப்பர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறரைப் போல் சொற்களை அடுக்கிக்கொண்டு பேசியதில்லை என அன்னை ஆயிஷா (ரலி) கூறிய இடத்திலும் இவ்வேர்ச்சொல்லே வருகின்றது. நம் அரபுக் கல்லூரிகளில் ஹதீஸ் நூல்களை விளக்கமின்றித் தொடர்ந்து ஓதிச் செல்வதை ‘ஸர்து’ என்கின்றோமே, அதுவும் இதுவே.

ஆக, தையலும் தறையாணியும் அரபியில் ஒரே சொல்லின் இரு கிளைகள். துளையிடுதல், ஊடு செலுத்துதல், அடுத்ததோடு பிணைத்தல் என்னும் செயல்கள் இரண்டுக்கும் பொது. இவ்வுறவை மனத்திற் கொண்டால் பின்னர்க் கூறவிருக்கும் கப்பல்களின் வரலாறும் எளிதில் விளங்கும்.

வளையக் கவசம்

வளையக் கவசம் செய்யும் முறை பெரும்பாலும் ஒன்றே. இரும்புக் கம்பியை ஒரு கோலின் மீது சுருளாகச் சுற்றி, நெடுக வெட்டித் தனித்தனி வளையங்களாக்குவர். ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு வைத்து, தட்டிப் பரப்பி, நுண்ணிய துளையிடுவர். அவ்வளையத்தை அண்டை வளையங்கள் நான்கினோடு கோத்த பின்னர், துளையில் சிற்றாணியைச் செருகிக் கொறட்டால் நெருக்கித் தறைவர். கம்பியின் கனமே ஓரிரு மில்லிமீட்டர். அதில் இட்ட துளையும், அத்துளையை நிரப்பும் ஆணியும் எத்துணைச் சிறியன என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையங்கள் வேண்டும். முனைகளை வெறுமனே சேர்த்து வைத்த வளையம் ஈட்டியோ அம்போ பாய்ந்தால் திறந்துகொள்ளும். அதனைத் திறக்க விடாமல் காப்பது அச்சிற்றாணியே.

அகழ்வாய்வில் கிடைத்த பழைமையான வளையக் கவசங்களுள் ஒன்று இன்றைய ருமேனியாவின் சியுமெஷ்டி என்னுமிடத்தில், கெல்ட்டியர் கல்லறையில் கிடைத்தது, அது கி.மு. 3 ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. உரோமானியர் இக்கலையை ஏற்று, முழுவளைய வரிசையையும் தறையாணி வளைய வரிசையையும் மாறி மாறி அமைத்தனர். ஷாம் நாட்டின் யூப்ரடீஸ் கரையிலிருந்த தூரா யூரோப்போஸ் நகரைச் சாசானியப் படை கி.பி. 256 ஐ ஒட்டி முற்றுகையிட்டது. அங்குச் சுரங்கப் போரில் மாண்ட வீரரொருவரின் உடல் வளையக் கவசத்துடனேயே கண்டெடுக்கப்பட்டது. அரபு மண்ணுக்கு அண்மையில் இக்கவசம் புழங்கியதற்கு அது சான்று. பண்டை அரபுக் கவிஞர்கள் நல்ல கவசத்தைத் ‘தாவூதின் நெசவு’ என்றே போற்றினர். தொல்பொருளாய்வு, மண்ணில் எஞ்சியவற்றின் காலத்தைக் கூறுகின்றது; இறைவசனம் ஒரு நபியின் கைத்தொழிலைக் கூறுகின்றது. இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்கும் வாதத்தில் நாம் இறங்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் கவசம் அனைவரும் அறிந்த பொருளாகவே இருந்தது. அலீ (ரலி) அவர்கள் அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு மஹராக அளித்தது ‘ஹுதமிய்யா’ என்னும் கவசம். கவசம் செய்வதில் பெயர்பெற்ற, அப்துல் கைஸ் கோத்திரத்தின் ஹுதமா என்னும் கிளையாரைச் சார்ந்து அப்பெயர் வந்ததென மொழியறிஞர் சிலர் கூறுவர். அண்ணலார் (ஸல்) தம் கவசத்தை வாற்கோதுமைக்காக ஈடு வைத்திருந்த செய்தியும் நாமறிந்ததே. உஹதுப் போரில் அவர்களின் தலைக்கவச வளையங்கள் இரண்டு திருக்கன்னத்தில் புதைந்தபோது, அபூஉபைதா (ரலி) அவற்றைப் பல்லால் கடித்து இழுத்துத் தம் முன்பற்களை இழந்தார் என ஸீரா நூல்கள் கூறுகின்றன. கன்னத்தில் புதைந்த நிலையிலும் வளையம் அத்துணை உறுதியாய் இருந்தது.

விரிவுரையாளர்களின் கேள்வி

இந்தப் பின்னணியில்தான் தாபியீன்களின் விளக்கங்களைப் படிக்க வேண்டும். மக்காவில் வாழ்ந்து ஹிஜ்ரி 104 ஐ ஒட்டி மறைந்த முஜாஹித் (ரஹ்) அவர்களின் விளக்கத்தை இமாம் தபரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார். ஆணி மெலிந்திருந்தால் வளையத்துள் ஆடும். தடித்திருந்தால் வளையத்தைப் பிளந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவே வேண்டும் என்பது அதன் சாரம். பஸ்ராவின் கதாதா (ரஹ்), முன்னர்க் கவசங்கள் தகடுகளாக இருந்தன என்றும், அவற்றை வளையங்களாக்கிக் கோத்தவர் தாவூத் (அலை) என்றும் கூறினார். கதாதா பிறவியிலேயே பார்வை இழந்தவர். தகட்டுக்கும் வளையத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் கண்ணால் கண்டறிந்திருக்க முடியாது.

ஸர்து என்பது வளையத்தையே குறிக்கும் என்போரும் உளர். பிற்கால விரிவுரையாளர் சிலர், இரும்பே மென்மையான பின் தாவூத் (அலை) அவர்களுக்கு ஆணி எதற்கு என வினவி, அளவு என்பது வளையங்களின் அளவே என்றனர். இமாம் ராஜி (ரஹ்) எடுத்துக்காட்டும் மற்றொரு கருத்து இன்னும் வேறானது. தொழிலில் அளவு பேணுதலாவது நேரம் முழுவதையும் அதிலேயே செலவிட்டுவிடாமல், உணவுக்குப் போதுமான அளவு உழைத்து எஞ்சியதை வணக்கத்துக்கு ஒதுக்குதல் என்பதாம்.

இவ்விளக்கங்களுள் முஜாஹித் அவர்களுடையது பட்டறையின் மணம் வீசுவது. வளையம் பிளந்ததையும் ஆணி ஆடியதையும் கண்டவரோ, கண்டவரிடம் கேட்டவரோ அன்றி வேறொருவர் அவ்வாறு கூறியிருக்க இயலாது. அறியாமைக் கால அரபியர், கொல்லனைக் குறிக்கும் ‘கைன்’ என்னும் சொல்லை வசைமொழியாகவே வழங்கினர். அச்சூழலில் ஒரு நபியைக் கொல்லுத் தொழிலுடன் இணைத்துத் திருமறை பேசிற்று. தாவூத் (அலை) தம் கையால் உழைத்தே உண்டார்கள் என ஹதீஸும் சிறப்பித்தது. வாள் செய்யும் கொல்லராக மக்காவில் வாழ்ந்த கப்பாப் (ரலி) முதன்முதல் இஸ்லாத்தை ஏற்றவர்களுள் ஒருவர் ஆனார். பட்டறையின் சொல் தஃப்ஸீரின் பக்கங்களில் இடம்பெற இந்த மனமாற்றமும் ஒரு காரணம் எனலாம்.

பலகையும் துஸுரும்

இனி மரக்கலத்துக்கு வருவோம். நூஹ் (அலை) அவர்களின் கப்பலைப் பலகைகளும் துஸுரும் உடையதென ஸூரா கமர் வருணிக்கின்றது. துஸுர் என்பதன் ஒருமை ‘திஸார்’. விரிவுரையாளர் பெரும்பாலோர் அதனை ஆணி என்றனர். கப்பலின் முன்புறம் என்றும், விலாச்சட்டங்கள் என்றும் பொருள் கொண்டோர் உளர். பலகைகளைப் பிணைக்கும் ஈச்ச நார்க் கயிறு என்னும் பொருளையும் அகராதிகள் தருகின்றன. ஒரே சொல் ஆணியையும் கயிற்றையும் குறிப்பது வியப்பன்று. அக்காலக் கடல்களில் இருவகைக் கப்பல்களும் ஓடின.

இந்தியப் பெருங்கடலில் ஓடியவை பெரும்பாலும் தைத்த கப்பல்கள். மத்தியதரைக் கடலின் கப்பல்களே ஆணியிட்டவை என்றும், அபிசீனியக் கடலின் நீர் இரும்பைக் கரைத்துவிடுவதால் அங்குத் தைத்த கப்பல்களே ஓடுகின்றன என்றும் மஸ்ஊதீ எழுதினார். ஆணியடித்துக் கீல் பூசிய கப்பலை முதலில் கடலில் விட்டவர் ஹஜ்ஜாஜ் பின் யூஸுஃப் என்பது ஜாஹிழின் கூற்று. கி.பி. 1183 இல் செங்கடல் துறையான ஐதாபை அடைந்த இப்னு ஜுபைர், அங்குள்ள கலங்களில் ஓர் ஆணியும் இல்லை, தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை என வியந்து, அவற்றுக்குப் பூசும் எண்ணெய்களுள் சுறா எண்ணெயே சிறந்தது என்றும் குறித்தார். 14 ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் காழியாக இருந்த இப்னு பதூதா காரணத்தையும் கூறினார்: ஆணியிட்ட கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும். சென்னைக் கடற்கரையில் துறைமுகம் அமைவதற்கு முன் பயணிகளையும் சரக்குகளையும் அலை கடந்து கரை சேர்த்த மசூலாப் படகுகளும் கயிற்றால் தைத்தவையே.

1998 இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டறியப்பட்ட 9 ஆம் நூற்றாண்டுக் கப்பல், ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான்களைச் சுமந்திருந்தது. அதுவும் தைத்த கப்பலே. அதனை மாதிரியாகக் கொண்டு ஓமானில் கட்டப்பட்ட ‘மஸ்கத்தின் மாணிக்கம்’ 2010 இல் சிங்கப்பூர் வரை பாய் விரித்து ஓடி, பழையோரின் தையல் எத்துணை வலியது என்பதை மெய்ப்பித்தது.

வடதிசைக் கடல்களில் நிலை வேறு. அங்குப் பலகைகளை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, இரும்பு ஆணியை ஊடு செலுத்தி, உட்புறத்தில் சிறு தகட்டின் மேல் அதன் நுனியைத் தறைந்தனர். இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939 இல் தோண்டியபோது, 7 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைக்கப்பட்ட கப்பலின் மரம் முற்றிலும் மக்கிப் போயிருந்தது. மணலில் வரிசை வரிசையாகத் தறையாணிகள் மட்டும் கிடந்தன. அவ்வரிசைகளும் மணலில் பதிந்திருந்த சுவடுமே 27 மீட்டர் நீளக் கப்பலின் வடிவைக் காட்டிக் கொடுத்தன. அப்பாஸியக் கலீஃபாவின் தூதுக்குழுவில் சென்ற இப்னு ஃபத்லான், கி.பி. 922 இல் வோல்கா ஆற்றங்கரையில் ரூஸ் தலைவன் ஒருவன் தன் கப்பலோடு எரிக்கப்படுவதைக் கண்டு எழுதினார். வடநாடுகளில் இத்தகைய எரியூட்டல் நிகழ்ந்த மேடுகளை ஆய்வாளர் அடையாளம் காண்பது சாம்பலுக்குள் எஞ்சிய தறையாணிகளைக் கொண்டே.

கொதிகலனும் பாலமும்

நீராவி யுகம் தறையாணியைப் பேருருவாக்கிற்று. ஆணியைச் செந்நிறமாகக் காய்ச்சித் துளையில் இட்டு, ஒருபுறம் ஒருவர் தாங்கிப் பிடிக்க, மறுபுறம் சம்மட்டியால் அடித்துத் தலையாக்கினர். ஆறும்போது ஆணி சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். 1887 முதல் 1889 வரை எழுப்பப்பட்ட பாரிஸின் ஈஃபில் கோபுரத்தில் 18,038 உறுப்புகளை 25 இலட்சம் தறையாணிகள் இணைக்கின்றன. காய்ச்சுபவர், பிடிப்பவர், தலை வடிப்பவர், அடிப்பவர் என ஓர் ஆணிக்கு நால்வர் வேண்டியிருந்தது. கொல்கத்தாவில் 1943 இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தின் 26,500 டன் எஃகும் மரையாணியின்றித் தறையாணிகளாலேயே இணைக்கப்பட்டது.

இவ்வேலையின் கூலியாகத் தொழிலாளர் தம் செவிப்புலனைக் கொடுத்தனர். கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார் 1886 இல் கொதிகலன் தொழிலாளர் 100 பேரைச் சோதித்ததில், குறையற்ற செவியுடையவர் ஒருவரும் இல்லை. இமாம் ராஜி எடுத்துக்காட்டிய, உழைப்புக்கும் அளவு வேண்டும் என்னும் விளக்கம் இங்கு நினைவுக்கு வருகின்றது.

மான்செஸ்டரின் பொறியாளர் வில்லியம் ஃபேர்பேர்ன் 1838 இல் தொடங்கிய சோதனைகளில், முழுத் தகட்டின் வலிமையை 100 எனக் கொண்டால் இருவரிசைத் தறையாணி இணைப்பின் வலிமை 70, ஒருவரிசை இணைப்பின் வலிமை 56 எனக் கண்டார். காரணம் எளிது. ஒவ்வொரு துளையும் தகட்டின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றது. துளைகள் பெரிதாகவோ நெருக்கமாகவோ இருந்தால் தகடு கிழியும். ஆணிகள் சிறிதாகவோ குறைவாகவோ இருந்தால் ஆணி அறுபடும். பொறியாளரின் வேலை இவ்விரு கேடுகளுக்கும் நடுவே அளவைக் காண்பது. முஜாஹித் (ரஹ்) கூறிய ஆடும் ஆணியும் பிளக்கும் வளையமும் இவற்றுக்கு நெருங்கிய உறவின.

இதைக் கொண்டு திருமறையில் பொறியியல் சூத்திரம் அடங்கியுள்ளதென வாதிடுவது நம் நோக்கமன்று. அத்தகைய வாதங்கள் மறைக்குப் பெருமை சேர்ப்பதில்லை, அறிவியலுக்கும் பயன்படுவதில்லை. நாம் சுட்டுவது வேறொன்று. இறைவசனத்தை விளங்குவதற்கு ஒரு தாபியீ பட்டறையின் அறிவைத் துணைக்கொண்டார். அவ்வறிவு மெய்யானதாக இருந்தமையால் பல நூற்றாண்டுகள் கழிந்தும் அது பழுதுபடவில்லை.

அளவு தவறிய இடங்கள்

1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் நடுப்பகுதியில் எஃகுத் தறையாணிகளை இயந்திரத்தால் அறைந்தனர். முன்புறமும் பின்புறமும் தேனிரும்பு ஆணிகளைக் கையால் அறைந்தனர். பனிப்பாறை மோதியது முன்பகுதியில். கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட ஆணிகளை ஆராய்ந்த உலோகவியலார் டிம் ஃபெக்கே, சிலவற்றில் இரும்புக் கசடு மிகுந்திருந்ததையும், அதனால் ஆணித்தலைகள் எளிதில் தெறித்திருக்கக் கூடும் என்பதையும் எடுத்துரைத்தார். மறுப்போரும் உளர் எனினும், 1,500 பேருக்கு மேல் மாண்ட அவ்விபத்தில் ஆணியின் தரம் பற்றிய கேள்வி இன்றும் நீங்கவில்லை.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் பறந்துகொண்டிருந்த அலோஹா நிறுவன விமானத்தின் முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. மேற்றகட்டின் தறையாணித் துளைகளில் தொடங்கிய நுண்விரிசல்கள் ஒன்றோடொன்று கூடியதே காரணங்களுள் முதன்மையானது. ஆணித்தலை அமிழுமாறு துளையின் வாயை அகற்றியபோது மெல்லிய தகட்டில் கத்திமுனை போன்ற விளிம்பு உண்டாயிற்று. விரிசல் அங்கே பிறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார்.

எனின், துளையும் ஆணியும் இல்லாத பற்றவைப்பே சிறந்ததா? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா பற்றவைத்த சரக்குக் கப்பல்களை விரைந்து கட்டிற்று. லிபர்ட்டி வகையில் மட்டும் 2,710. குளிரில் நொறுங்கும் எஃகினால் சிலவற்றில் விரிசல் விழுந்தது. 1943 ஜனவரியில் ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல், துறையில் நின்றவாறே ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. பற்றவைத்த உடல் தொடர்ச்சியான ஒரே தகடு போன்றது; விரிசல் தடையின்றி ஓடும். தறைந்த கப்பலிலோ ஒரு தகட்டின் விளிம்பில் விரிசல் நின்றுவிடும். ஆகவே அக்கப்பல்களின் மேல்தளத்தில் விரிசலைத் தடுக்கத் தறையாணியிட்ட பட்டைகளைப் பொருத்தினர். ஒரு வளையம் அறுந்தாலும் கவசம் முழுதும் அவிழ்ந்துவிடாதது போன்றதே இது. பாலங்களிலும் கப்பல்களிலும் பற்றவைப்பும் உயர்வலிமை மரையாணியும் இடம்பிடித்துவிட்ட இந்நாளிலும், விமானங்களின் அலுமினிய உடலில் தறையாணிகள் அணிவகுத்து நிற்கின்றன.

நம் மத்ரஸாக்களில் ஸபா அத்தியாயத்தின் இவ்வசனம் ஆண்டுதோறும் பாடமாகின்றது. ஸர்து என்னும் சொல்லின் வேரையும் வாய்பாட்டையும் மாணவர் ஐயமின்றிக் கூறுவர். தறைந்த வளையம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அவர்களுள் அரியர். நம் நாட்டு அருங்காட்சியகங்களின் ஆயுதப் பிரிவுகளில் முகலாயர் காலத்து வளையக் கவசங்கள் உள. இந்தியாவிலும் ஈரானிலும் செய்யப்பட்ட கவசங்கள் சிலவற்றில் வளையந்தோறும் இறைநாமங்களைப் பொறித்துமிருக்கின்றனர். ஆசிரியர் தம் மாணவரை அழைத்துச் சென்று, அவ்வளையத்தின் இரு முனைகளும் ஏறியிருக்கும் இடத்தையும், நடுவில் கடுகளவாய் நிற்கும் ஆணித்தலையையும் சுட்டிக்காட்டலாம். அருகிலுள்ள பட்டறைக்கு அழைத்துச் சென்று, ஆணி தடித்தால் என்னவாகும், மெலிந்தால் என்னவாகும் என அங்குள்ள தொழிலாளரிடமே கேட்கச் செய்யலாம். முஜாஹித் (ரஹ்) தந்த விடையையே தம் மொழியில் அவர் கூறக் கேட்கும் மாணவர்க்கு அதன்பின் அவ்வசனம் புதிதாக ஒலிக்கும்.